கத்தி நிற்கும், காய் நகரும்!

தலைப்பு: வீட்டுச் சமையலில் காய் நறுக்க ஏற்றது அரிவாள்மனையா? கத்தியா? சீவுபலகையா?
அணி: சீவுபலகையே!

அன்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எங்கள் அணியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எதிரே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால், மடியில் முறத்தையும் முறத்தில் அவரைக்காயையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே!

அரிவாள்மனை அணியில பேசின அக்கா ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. "இந்தச் சீவுபலகை இருக்கே, ஸ்லைசர்னு கடையில விக்கிறானே, அது வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மண்ணுக்கு ஒட்டாது"ன்னாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன். கத்தியில நறுக்கும்போது எது நகருது? கத்தி நகருது. காய் சும்மா பலகை மேல கிடக்கு. உங்க அரிவாள்மனையில எது நகருது? அரிவாள் அசையாம நிக்குது. காயைத்தான் நாம அதுகிட்ட கொண்டுபோறோம். தேங்காய் துருவுறோமே, அங்கேயும் அதே கதைதான். துருவி நிக்கும், மூடி சுத்தும். இப்போ சீவுபலகைக்கு வாங்க. அங்கே எது நிக்குது? பிளேடு நிக்குது. எது நகருது? காய் நகருது. அப்படின்னா சீவுபலகை யாருக்குச் சொந்தம்? கத்திக்கா, அரிவாள்மனைக்கா? நின்னுக்கிட்டிருந்த அரிவாள்மனையைப் படுக்க வச்சா அதுதான் அக்கா சீவுபலகை! (கைதட்டல்) உங்க வீட்டுப் பெண்ணை உங்களுக்கே அடையாளம் தெரியலைன்னா, அதுக்கு எங்க அணி என்ன பண்ணும்?

பேரு வேணும்னா வெளிநாட்டுப் பேருதான். பிரெஞ்சுக்காரங்க இதை மாண்டலின்னு சொல்றாங்க. நமக்கு மாண்டலின்னா மறைந்த சீனிவாஸ் அவர்கள் ஞாபகம்தான் வரும். அந்தச் சின்ன மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக சங்கீத மேடையில உக்கார வச்ச மேதை அவர். 2014-ல நம்மை விட்டுப் போயிட்டார். வாத்தியத்துல கை போயிட்டுப் போயிட்டு வர்ற மாதிரியே இந்தப் பலகையிலயும் கை போயிட்டு வருதாம், அதனால இந்தப் பேருன்னு சொல்லுவாங்க. ஒரே வித்தியாசம், அங்கே சுருதி தப்பினா காதுக்கு வலிக்கும். இங்கே தப்பினா விரலுக்கு வலிக்கும். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அந்த விஷயத்துக்கு நான் வரத்தான் போறேன்.

முதல்ல, இந்தப் பலகை என்ன வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம். பலகையில ரெண்டு பாகம் இருக்கு. காயை வச்சுத் தள்ளுற முன்பாகம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பிளேடும் அதுக்கு அடுத்த பின்பாகமும் ஒரே மட்டத்துல இருக்கும். அந்த உயர வித்தியாசம் எவ்வளவோ, அதுதான் சீவலோட கனம். 2 மில்லிமீட்டர் வச்சா முதல் சீவலும் 2, முப்பதாவது சீவலும் 2. உங்க மனசு சரியில்லாட்டியும் 2, மாமியார் பக்கத்துல நின்னாலும் 2! (சிரிப்பு, கைதட்டல்)

இது ஏன் முக்கியம்? உருளைக்கிழங்கு வறுவல் போடுறோம். எண்ணெயில நடக்கிறது என்ன? கிழங்குல இருக்கிற தண்ணி ஆவியாப் போகணும். அதுதான் அந்தச் சலசலப்பு. சலசலப்பு அடங்கினா தண்ணி போயிருச்சுன்னு அர்த்தம். மெல்லிசாச் சீவின துண்டுல தண்ணி சீக்கிரம் போயிரும். கனமான துண்டுல நடுவுல தங்கிடும். ஒரே ஈடுல ரெண்டையும் போட்டா, மெல்லிசு கருகும்போது கனமானது இன்னும் வதங்கிட்டிருக்கும். அப்போ வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்? "உனக்கு வறுக்கவே தெரியலை"ம்பார். தப்பு வறுத்ததுல இல்லீங்க, நறுக்கினதுல இருக்கு. ஒரே கனமாச் சீவி, தண்ணியில அலசி மாவுச்சத்தைப் போக்கி, துணியில ஈரம் ஒத்தி எடுத்துப் போட்டுப் பாருங்க. அத்தனையும் ஒண்ணாச் சிவந்து ஒண்ணா மேல வரும்.

நாகர்கோவில் பக்கம் சிப்ஸ் கடை வாசல்ல நின்னு பாத்திருப்பீங்க. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலயே பலகையைப் பிடிச்சு, நேந்திரங்காயைச் சர்ரு சர்ருன்னு சீவுவாங்க. சீவல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, தனித்தனியா எண்ணெயில விழும். பாக்கப் பாக்க ஆசையா இருக்கும். ஐயா, சாமி, அதை மட்டும் வீட்டுல செஞ்சு பாக்காதீங்க. அது நாள் முழுக்க அதே வேலை செய்யற கை. நாம தட்டுல சீவி, அள்ளிப் பரவலாத் தூவிக்கலாம். ருசி ஒண்ணும் குறைஞ்சுடாது.

கத்தி அணியில பேசின தம்பி என்ன சொன்னார்? "கைப்பழக்கம் இருந்தா கத்தியிலயே இதைவிட மெல்லிசா நறுக்கலாம். கருவி வந்து கை நேர்த்தியைக் கெடுத்துருச்சு"ன்னார். தம்பி, அந்தக் கை நேர்த்தியை யாருக்குப் பரீட்சையா வச்சோம்? பெண் பாக்கப் போன வீட்டுல மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "எங்கே தம்பி, இந்தப் பீன்ஸை ஒரே அளவா நறுக்குங்க பாப்போம்"னு கேட்ட வீடு ஒண்ணு உண்டா? (சிரிப்பு) கல்யாணமாகி வந்த பொண்ணு நறுக்கின கேரட்டைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "உங்கம்மா சொல்லிக் குடுக்கலையா?"ன்னு கேட்ட வீடு எத்தனை? பெரிசு ஒண்ணு சிறிசு ஒண்ணா நறுக்கிட்டா அது காயோட குத்தம் இல்லை, வளர்ப்போட குத்தம்! இங்கே உக்காந்திருக்கிற தாய்மார்கள்ல அந்தப் பேச்சு கேக்காதவங்க இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம். ஒரு கை கூடத் தூக்கலை நடுவர் ஐயா! (பலத்த கைதட்டல்)

அந்தப் பரீட்சையையே இந்தப் பலகை ரத்து பண்ணிருச்சு. நேத்து கல்யாணமாகி வந்த பொண்ணு சீவினாலும், நாப்பது வருஷம் சமைச்ச மாமியார் சீவினாலும் கனம் ஒண்ணுதான். அதைவிடப் பெரிய விஷயம், எங்க வீட்டுக்காரர் சீவினாலும் கனம் ஒண்ணுதான்! (சிரிப்பு) "எனக்கு நறுக்கத் தெரியாதும்மா"ன்னு முப்பது வருஷமா ஆம்பளைங்க சொல்லிட்டிருந்த ஒரே சாக்கு, இந்தப் பலகையில போயிருச்சு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை வெள்ளரிக்காயும் முள்ளங்கியும் அவர் கணக்கு. மூட்டு வலியில கீழே உக்காந்து எழுந்திரிக்க முடியாத என் மாமியார், மேடைப் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் மெல்லிசா வைப்பா"ன்னு அதிகாரம் பண்ணுறாங்க. அரிவாள்மனை முன்னால அவங்களை இன்னைக்கு உக்கார வைக்க முடியுமா?

எங்க கட்சிக்காக நான் பொய் பேச மாட்டேன். சீவுபலகையை வச்சு வெண்டைக்காய் நறுக்க முடியாது. கீரை முடியாது. கத்தரிக்காயை எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீற முடியாது. நல்லாப் பழுத்த தக்காளி, பிளேடு மழுங்கியிருந்தா, கூழாப் போயிரும். பலாப்பழத்துக்கும் மீனுக்கும் அக்காவோட அரிவாள்மனைதான் ராஜா, நான் ஒத்துக்கிறேன். உருளை, வாழைக்காய், கேரட், முள்ளங்கி, வெள்ளரி, பாகற்காய், பக்கோடாவுக்கு வெங்காயம், பொரியலுக்குக் கோஸ். இதுதான் எங்க சாம்ராஜ்யம். இது போதும்.

இப்போ விரல் விஷயத்துக்கு வர்றேன். மதுரையில சித்திரைப் பொருட்காட்சி, சென்னையில தீவுத்திடல். எங்கே போனாலும் ஒருத்தர் கழுத்துல மைக்கை மாட்டிக்கிட்டு, "வாங்கம்மா, பாருங்கம்மா"ன்னு ராகம் போட்டுப் பேசிட்டே கேரட்டைச் சீவித் தள்ளுவார். சுத்தி நிக்கிற கூட்டம் சீவலைப் பாக்கும். நான் அவர் கையைப் பாப்பேன். வெறும் கை! அந்தப் பெட்டிக்குள்ள காயைக் குத்திப் பிடிக்க, அடியில முள்ளு வச்ச மூடி ஒண்ணு இருக்குமே, அதை அவர் தொட மாட்டார். மூடியை மாட்டினா வேகம் போயிரும், வேகம் போனா வியாபாரம் போயிரும். நாமளும் வீட்டுக்கு வந்து அவர் மாதிரியே செய்யறோம். முள்ளு மூடி பரணுக்குப் போயிருது.

எங்க நாத்தனார் தையல் வேலை பாக்குறாங்க. ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி, கையில ஏகப்பட்ட ரவிக்கை ஆர்டர். அவசரத்துல உருளைக்கிழங்கைச் சீவுறாங்க. மூடி பரண்ல. கிழங்கு குறுகிட்டே வருது, கடைசியில ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நிக்குது. "வீணாப் போகுமே"ன்னு இன்னும் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். ஆள்காட்டி விரல் நுனிச் சதை போயிருச்சு. டாக்டர் பாத்துட்டுச் சொன்னார்: "கத்தி கிழிச்சிருந்தா தைச்சிருப்பேன். இது சீவி எடுத்துருச்சு. தைக்கிறதுக்குத் தோலே இல்லையேம்மா, தானா வளர்ந்துதான் மூடணும்." ஊருக்கே தைச்சுக் குடுக்கிற பொம்பளைக்கு, தைக்க முடியாத காயம் நடுவர் ஐயா. மூணு வாரம் மிஷின் பக்கம் போகலை. வாங்கின துணியை வீடு வீடாத் திருப்பிக் குடுத்தாங்க. அந்த வருஷம் அவங்க பிள்ளைங்களுக்குப் புதுத் துணி இல்லை.

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க"ன்னு அக்கா எழுந்திரிக்கிறாங்க. உக்காருங்க அக்கா, முடிச்சுடுறேன். அரிவாள்மனையில வெட்டுப்படாத அம்மா யாரு? நம்ம தாய்மாருங்க ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பாருங்க. குறுக்கும் மறுக்குமாக் கறுத்த கோடு கிடக்கும். அங்கே ஒரு நல்லது உண்டு, அதையும் சொல்லிடுறேன். அரிவாள் கண்ணுக்கு நேரா நிக்கும், கை பயந்து வேலை செய்யும். சீவுபலகையில பிளேடு காய்க்கு அடியில மறைஞ்சு கிடக்கு. காய் தேயத் தேய விரல் தானாக் கீழே இறங்குது. கையோ தாளத்துல போயிட்டிருக்கு, மனசு பாட்டு கேட்டுக்கிட்டிருக்கு. அதுக்குத்தான் மூடி. மூடியில காயை நல்லாக் குத்தி, மூடியைப் பிடிச்சுத் தள்ளுங்க. காயோட ஒரு பக்கத்தைக் கத்தியால தட்டையா வெட்டிட்டு, அந்தப் பக்கத்தைப் பலகையில வைங்க, உருளாது. பலகைக்கு அடியில ஈரத்துணியைப் போடுங்க, வழுக்காது. பிளேடு மழுங்கிட்டா அழுத்தித் தள்ளாதீங்க. அழுத்தும்போதுதான் கை சறுக்கும். மாத்துங்க, இல்லேன்னா வேற வாங்குங்க.

இன்னொண்ணு, இதை யாரும் பேசுறதில்லை. சீவி முடிச்சதும் பலகையை எங்கே போடுறோம்? சிங்க்குல. அதுக்கு மேல குக்கரு, வாணலி, தட்டு. சோப்புத் தண்ணிக்குள்ள அது ஒளிஞ்சு கிடக்கு. பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா உள்ளே கையை விடுறாங்க. மூடி போட்டுச் சீவின நம்ம விரல் பத்திரமா இருக்கு, சீவாதவங்க விரல்ல ரத்தம்! அவங்க அடுத்து நாலு வீட்டுக்குப் போய்த் தேய்ச்சாகணும். சீவினவங்களே, சீவின கையோட, குழாய்த் தண்ணியில காட்டி, பிரஷ்ஷால பிளேடோட முதுகுப் பக்கத்துலேருந்து தேய்ச்சு, துடைச்சு, பெட்டியில வச்சு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைங்க. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை அவங்க சம்பளத்துல சேர்க்காதீங்க. (கைதட்டல்)

அப்படியும் வெட்டுப்பட்டுட்டா, காபித்தூளை அப்பாதீங்க. டாக்டர் அதைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிரும். சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சு, கையை நெஞ்சுக்கு மேல உயர்த்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நடுவர் ஐயா மணியடிச்சுட்டாங்க. தம்பி கேட்டார், "மூடி மாட்டிச் சீவினா கடைசியில ஒரு துண்டு மிஞ்சுதே, அது வீண்தானே?"ன்னு. எந்த வீட்டுலயும் மருமக கையைப் பாத்து மாமியார் கேக்குற கேள்விதான் அது. வீண் இல்லை தம்பி. உருளையா இருந்தா குருமாவுல போடுங்க. முள்ளங்கியா இருந்தா சாம்பார்ல போடுங்க. கேரட்டா இருந்தா, அதை உங்க வாயில போட்டுக்கிட்டு, அடுத்த கேரட்டைக் கையில எடுங்க! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)