உயிரிழப்பும் நீதிமன்றக் கணக்கும்



வெள்ளி விழா மேடையில் வழக்குப் பணத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். தியாகராய நகர்க் கடைத்தெருவில் மூட்டை சுமப்போரும், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டு வேலை செய்வோரும், விடியுமுன் சாலையைக் கூட்டுவோரும் நம்மவரே. வண்டி மோதி அவருள் ஒருவர் மாண்டால், அக்குடும்பம் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தின் படியேற நேர்கிறது. அங்கு விபத்து இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இறந்தவரை நம்பியிருந்தோர் இழந்த வருவாயே கணக்கின் அடிப்படை. 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு முறை வகுத்தது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், வயது 32, மாத வருமானம் 12,000 ரூபாய், மனைவி, இரு மக்கள், தாய் என நால்வர் அவரை நம்பியுள்ளனர். ஆண்டு வருமானம் 1,44,000. அவர் நாற்பது வயதுக்குட்பட்டவர், நிரந்தர வேலையில் இல்லாதவர், ஆதலின் எதிர்கால வளர்ச்சிக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டுவர், 2,01,600 ஆகும். அவர்தம் சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,51,200. முப்பத்திரண்டு வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆகவே 24,19,200 ரூபாய். ஈமச்செலவு முதலியவற்றுக்குரிய சிறு தொகைகள் தனி.

அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குச் சான்று இல்லையெனில்? தீர்ப்பாயம் எட்டாயிரம் என்று மதிப்பிட்டால் தொகை 16,12,800 ஆகச் சுருங்கும். ஒரு காகிதம் இன்மையால் எட்டு லட்சத்துக்கு மேல் இழப்பு! மாதச் சம்பளக்காரருக்கு அலுவலகமே சான்று தரும். நம் மக்களுக்கு யார் தருவார்? 2014இல் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், ஆவணம் இல்லாமலே மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மையே. எனினும் அவ்வளவு தூரம் செல்ல எத்தனை குடும்பங்களால் இயலும்? வங்கிக் கணக்கும், தொழிலாளர் நலவாரிய அட்டையும் வைத்திருப்பது இதனாற்றான் இன்றியமையாதது.

வயதும் அவ்வாறே. 35 வயது வரை பெருக்கல் எண் 16. 36 ஆனால் 15. வயதை உறுதிசெய்ய ஆதார் அட்டை போதாது, பள்ளி மாற்றுச் சான்றிதழே ஏற்புடையது என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவரின் சான்றிதழையும் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பள்ளிக்கே செல்லாதவர் குடும்பம் என் செய்யும் என்ற வினா நம் நெஞ்சை அறுக்கிறது.

வேறொரு முறையும் உண்டு. 1993 முதல் கழிவுநீர்க் குழாய்களில் இறங்கி மாண்டவர்தம் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் தரவேண்டுமென 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. அங்கே வருமானமும் இல்லை, பெருக்கலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகை. ஏழையின் உயிரை அவன் கூலியால் அளவாத இம்முறையே மேலானது என்பது நம் கருத்து. ஆயினும் மனிதன் குழிக்குள் இறங்காதிருக்க இயந்திரம் வாங்குவதன்றோ முதற்கடமை!

இறுதியாக, நடைமுறை பற்றிச் சில சொற்கள். விபத்து நடந்ததும் வண்டிக்காரர் நீட்டும் சில ஆயிரங்களை வாங்கி வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். நம் பகுதிகளில் இது மிகுதியாக நடக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பன்னிரண்டாம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் எவ்வளவு வருமானம் உடையவராயினும் இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர். சாதிச் சான்றிதழுடன் சென்று கேளுங்கள்.