ஒன்பதாம் நம்பர் சீதாப்பழம்

(அமீர்பேட்டில் ஆடி மாதம் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன மாதம் டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, போன கூட்டத்தில் உபநிஷத், அதற்கு முந்தின கூட்டத்தில் சர்க்கரை வியாதி. இந்தத் தடவை நீங்கள் உங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேசுங்கோ" என்றார். மத்திய அரசு ஆபீஸில் முப்பத்தேழு வருஷம் கணக்கு எழுதிவிட்டு 2010-இல் ரிடையர் ஆனவன் நான். படித்தது மட்டும் பி.எஸ்ஸி. தாவரவியல். படித்ததற்கும் பார்த்த உத்தியோகத்திற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே அறுபது வயதுக்கு மேல்தான் படித்த படிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் ஒரு வெற்றியும் ஒரு தவறும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு இங்கேயே அமீர்பேட்டில், மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். மொத்தம் 250 கஜம். 1984-இல் கட்டியபோது சுற்றிலும் தனி வீடுகள்தான். இப்போது எங்களைச் சுற்றி கோச்சிங் சென்டர்களும் ஹாஸ்டல்களும். 2017-இல் மெட்ரோ வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அந்த நெருக்கடிக்குள் முன்பக்கம் கொஞ்சம், கொல்லையில் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. மொட்டை மாடியும் இருந்தது.

புதுப் பழ ரகம் உண்டாக்க வேண்டும் என்று ஆசை வந்தவுடன் எல்லாரையும் போல நானும் முதலில் மாமரத்தைத்தான் நினைத்தேன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய சங்காரெட்டியில் பழ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ருமானியையும் நீலத்தையும் கலந்து 'மஞ்சீரா' என்ற மாம்பழத்தை உண்டாக்கிய இடம் அது. டெல்லி பூசா நிலையத்தில் தசேரியையும் நீலத்தையும் கலந்து 'ஆம்ரபாலி', 'மல்லிகா' என்று இரண்டு ரகங்கள் கொண்டு வந்தார்கள். பெற்றோர் ஒன்றே, பிள்ளைகள் வேறு வேறு. ஆனால் மாமரத்தில் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ, நிற்பது ஒன்றோ இரண்டோ. ஒரு பழத்துக்கு ஒரே கொட்டை. அதை நட்டால் காய்க்க ஐந்து முதல் எட்டு வருஷம். அறுபது வயதில் ஆரம்பிப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

சீதாப்பழம் அப்படி இல்லை. விதை போட்டால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். ஒரு பழத்திலேயே பல விதைகள். ஹைதராபாத் பக்கத்துப் பாறை மண்ணில் தானாகவே வளர்கிற மரம். நாம் மழைக்காலம் முடியும்போது கூடை கூடையாக வாங்குகிற நல்ல ரகத்துக்கு 'பாலாநகர்' என்று பெயர். இது நம் கூகட்பல்லி பக்கத்து ஃபேக்டரி பாலாநகர் அல்ல. பழைய மகபூப்நகர் மாவட்டத்தில் உள்ள பாலாநகர்.

சீதா, ராமர், லட்சுமணர், ஹனுமான் என்று இந்தக் குடும்பத்துப் பழங்களுக்கு நாம் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் இவை அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து ஐரோப்பியர் மூலம் இங்கே வந்தவை என்பதுதான் பெரும்பாலான தாவரவியலாரின் கருத்து. இவற்றைக் கலப்பதும் புதிதல்ல. 1908-இல் அமெரிக்காவின் மயாமியில் வெஸ்டர் என்ற விவசாய அதிகாரி சீதாப்பழத்தையும், மலைப்பிரதேசத்தில் விளையும் 'செரிமோயா' என்ற பழத்தையும் கலந்தார். அதன் பெயர் 'அட்டிமோயா'. பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'ஐலண்ட் ஜெம்' என்ற அட்டிமோயாவோடு 'மம்மத்' என்ற சீதாப்பழத்தைச் சேர்த்து 'அர்கா சஹன்' என்ற ரகத்தைக் கொண்டு வந்தது. விதை குறைவு, தித்திப்பு அதிகம், பழுத்தாலும் உடனே குழைந்து போகாது.

2011-இல் பெண் வீட்டுக்குப் பெங்களூர் போனபோது ஓர் அர்கா சஹன் ஒட்டுச்செடி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்பக்கம் கேட் ஓரத்தில், கொஞ்சம் மேடான இடத்தில் வைத்தேன். கொல்லையில் முன்பே ஒரு பாலாநகர் மரம் இருந்தது. 2013-இல் அர்கா சஹன் நிறையப் பூத்தது. ஆனால் காய் இரண்டே இரண்டு. அவையும் கோணல்.

காரணம் அந்தப் பூவின் அமைப்பு. சீதாப் பூ ஒரே பூவில் பெண்ணும் ஆணும் உள்ளது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. முதலில் இதழ் லேசாகப் பிரியும்போது பெண் பாகம் பளபளவென்று பிசுபிசுப்போடு இருக்கும். மகரந்தம் அப்போது வராது. பிறகு இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் கொட்டும்போது பெண் பாகம் காய்ந்திருக்கும். ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு போவது சின்னஞ்சிறு வண்டுகள். ஊருக்கு நடுவே அவை எங்கே இருக்கின்றன? போதாததற்கு ஏப்ரல், மே வெயிலில் காற்று வறண்டு பூ உதிர்ந்துவிடும். சீதாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். எந்தக் கண்ணுக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்தப் பக்கம் பழம் வளராது. அதனால்தான் கோணல்.

ஆகவே அர்கா சஹனுக்கு சீதா மரத்து மகரந்தத்தைக் கையால் வைப்பது நல்லது என்று தோட்டக்கலைக்காரர்களே சொல்கிறார்கள். அதைச் செய்யும்போதுதான் எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. காய் பிடிக்க வேண்டும் என்பதற்காக நான் செய்கிற இந்த வேலையே கலப்பினம் உண்டாக்கும் வேலை. அந்தப் பழத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு விதையும் ஒரு புது ஜாதகம்.

முறையைச் சொல்கிறேன். யாரும் செய்யலாம். சாயங்காலம் பாலாநகர் மரத்தில் விரியத் தொடங்கிய பூக்களைப் பறித்து ஒரு பேப்பரில் பரப்பி வைக்க வேண்டும். காலையில் பழுப்பு நிறத்தில் மகரந்தம் உதிர்ந்திருக்கும். அதை ஒரு டப்பாவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பழைய ஃபிலிம் ரோல் டப்பாவை உபயோகித்தேன். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், அர்கா சஹனில் இதழ் லேசாகப் பிரிந்த பூவை விரலால் திறந்து, பேரன் வைத்திருந்த பெயிண்ட் பிரஷ்ஷால் பிசுபிசுப்பான பாகத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவ வேண்டும். பிறகு மெல்லிய துணிப் பையால் மூடி, தேதி எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். ஜூனில் முதல் மழை பெய்த பிறகு செய்தால் பலன் அதிகம்.

2014-இல் 40 பூக்களுக்குச் செய்தேன். 14 காய் நின்றது. சுமார் நான்கு மாதத்தில் பழுத்தன. ராமர் பழத்தோடும் முயன்றேன், ஒன்றும் பிடிக்கவில்லை. விதைகளைக் கழுவி, உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்த்து, 2015 ஆரம்பத்தில் போட்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை. சீதா விதை விஷம். பேனுக்கு அரைத்துத் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். செய்யாதீர்கள்.

முளைத்த நாற்றுகளில் 12-ஐ மட்டும் மாடியில் நீல டிரம்களில் வளர்த்தேன். டிரம்முக்கு டிரம் நம்பர் போட்டேன். 2018-இல் அவற்றில் ஐந்து காய்த்தன. முதலாவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். இரண்டாவதில் சதையை விட விதை அதிகம். இன்னும் இரண்டு சாதாரண சீதாப்பழம். ஒன்பதாம் நம்பர் டிரம், அதைக் கொல்லையில் தரையில் மாற்றியிருந்தேன், அதில் மூன்று பழம். ஒன்று 380 கிராம். விதை 22. பறித்துப் பழுத்து மூன்று நாள் வெளியில் வைத்தும் குழையவில்லை. வாயில் போட்டால் சீதாப்பழத்தின் வாசனை, கூடவே ஒரு மெல்லிய புளிப்பு. என் சகதர்மிணி சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு. இது உலக சாதனை ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி நிலையங்களில் ஆயிரம் நாற்று வளர்த்து ஒன்றைப் பொறுக்குவார்கள். ஆனால் உலகத்தில் அந்தப் பழம் அந்த ஒரு மரத்தில்தான் இருந்தது.

இனி என் தவறு. கலப்பின மரத்தின் விதையைப் போட்டால் அதே பழம் வராது. ஒட்டுக் கட்டினால்தான் வரும். அது தெரிந்தும், 2019 பிப்ரவரியில் சோதனைக்கு ஒரே ஒரு ஒட்டுச்செடி மட்டும் கட்டினேன். தெரிந்த நர்சரிக்காரர் ஒருவர் நாலு குச்சி கேட்டார். "இன்னும் இரண்டு வருஷம் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். விஞ்ஞான ஜாக்கிரதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கர்வம். என் மரம் என்னிடம் மட்டும் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு மல்காஜ்கிரியிலிருந்து வந்த ஒரு மாமிக்கு என் சகதர்மிணி வெற்றிலை பாக்கோடு அந்த ஒட்டுச்செடியையும் கொடுத்து அனுப்பிவிட்டாள். "ஏன்னா, ஒரு செடிதானே, கேட்டா, குடுத்தேன்" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

2020 அக்டோபர் 13. ஹைதராபாத்தில் பெய்த அந்த மழை உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் கொல்லையில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். சீதா மரம் வறட்சியைத் தாங்கும். வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. டிசம்பரில் இலை உதிர்ந்தது. குளிர்காலத்தில் அது இயல்புதான் என்று தேற்றிக்கொண்டேன். பிப்ரவரியில் முன்பக்கத்து அர்கா சஹன் துளிர்க்கத் தயாரானது. ஒன்பதாம் நம்பர் துளிர்க்கவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை, பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினேன். அங்கும் பழுப்பு. தூரில் சுரண்டிவிட்டு எழுந்து உள்ளே வந்தேன். பாலாநகர் மரமும் போய்விட்டது.

அன்று ராத்திரி அவள்தான், "மல்காஜ்கிரி மாமிக்குப் போன் பண்ணுங்கோ" என்றாள். பண்ணினேன். மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, சொல்லவே சங்கடமா இருக்கு. தண்ணி எல்லாம் விட்டேன். ஆனா போன வாரம் இலை பூரா கொட்டிடுத்து. செத்துப் போயிடுத்தோன்னு பயந்துண்டிருக்கேன்."

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துப் போனேன். மாடிப்படிக்கு அருகில் மார்பளவுக்கு நின்றிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பச்சை. இலை கொட்டி, மொட்டு உப்பி, துளிர்ப்பதற்கு முன்னால் உள்ள நிலை. ஒட்டுக் கட்டுவதற்கு அதைவிட நல்ல சமயம் இல்லை. மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க மரம்தானே மாமா, எத்தனை வேணுமோ எடுத்துக்கோங்கோ" என்றார். என் மரம் என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஆறு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து, அன்றே சாதாரண சீதா நாற்றுகளில் கட்டினேன். பென்சில் கனமுள்ள நாற்றின் தலையை வெட்டி நடுவே பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே பாலிதீன் உறை போட்டு நிழலில் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் நாலு துளிர்த்தன.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை. இப்போது ஒன்பதாம் நம்பர் பதினொரு வீடுகளில் இருக்கிறது. குச்சி மறுத்த அந்த நர்சரிக்காரரிடம் நானே கொண்டு போய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன்.

இன்று இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டைப் பில்டரிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. தீபாவளிக்குப் பிறகு இடிக்கிறார்கள். பிள்ளைகள் சொல்வது நியாயம். இந்த வயதில் எங்களால் அந்த வீட்டைக் கட்டிக் காப்பாற்ற முடியாது. கேட் ஓரத்து அர்கா சஹன் உட்பட எல்லா மரமும் போகும். வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் 2021-இல் கொல்லையில் நின்றபோது இருந்த பயம் இல்லை.

இந்தப் பிப்ரவரியில் கட்டிய 22 ஒட்டுச்செடிகளைக் கொண்டு வந்திருக்கிறேன். ஆடி மாதம், நட நல்ல சமயம். வேண்டியவர்கள் குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். விலை இல்லை. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் மாடியில் அரை டிரம்மில் வைக்கலாம். அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிடுங்கள். அது வேறு மரம். வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள், அதுதான் பூச்சியைப் பரப்பும். டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டினால் பயப்பட வேண்டாம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. மூன்றாவது வருஷம், இலை கொட்டியிருக்கும் பிப்ரவரியில், கேட்கிறவர்கள் இரண்டு பேருக்காவது குச்சி வெட்டிக் கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள்.

செடிகளோடு என் சகதர்மிணி பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டில் பெயரை எழுதிவிட்டு அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கிற கை அவளுடையதாக இருப்பதுதான் முறை.