ஊருக்குப் போகாத கோடை

டில்லியிலோ லக்னோவிலோ உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை என்னும் சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: ஊருக்குப் போவது. டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு இரவுகள். திரும்பும்போது பெட்டியில் ஊறுகாய் ஜாடியும் அப்பளக் கட்டும். இவ்வழக்கத்தைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் பெரியவர்கள் காலமாகி, வீடும் கைமாறிப்போன குடும்பங்கள் இன்று நம்மிடையே பல உண்டு. மே மாதம் பிறந்ததும் அவர்களுக்கு ஒரு சங்கடம். போவதற்கு ஊர் இல்லை. இருப்பதற்கோ வெயில் விடுவதில்லை. அத்தகைய நேயர்களை எண்ணியே இன்று பேசுகிறோம்.

நாம் பிழைக்க வந்த வட்டாரத்திலேயே, ஓர் இரவுப் பிரயாணத்தில் எட்டும் தூரத்தில், மலைகளுக்கிடையே ஏரிகள் நிறைந்த நாடு ஒன்று இருக்கிறது. அது உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவூன் பகுதி. இரவில் பழைய டில்லியில் ரயிலேறினால் விடியற்காலையில் காத்கோதாம். சமவெளியும் தண்டவாளமும் அங்கே முடிகின்றன. லக்னோவிலிருந்தும் அவ்வூருக்கு நேர் ரயில் உண்டு. அங்கிருந்து மோட்டாரில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் நைனிதால். அதைவிடக் குறைந்த தூரத்தில் பீம்தால். ‘தால்’ என்றால் ஏரி. நைனிதால் ஊரின் மேற்பகுதி மல்லிதால், கீழ்ப்பகுதி தல்லிதால். மல்லி என்றதும் நம் செவிக்கு மலரே நினைவு வரும். குமாவூனி மொழியில் அதற்கு ‘மேல்’ என்று பொருள்.

நைனிதாலைப் போய்ப் பாருங்கள். ஆனால் தங்குவதற்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து. கூட்டம் ஒரு காரணம்தான். நெரிசல் மிகும் நாட்களில் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர்.

உதகையிலும் கோடைக்கானலிலும் நாம் கண்ட ஏரிகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மனிதர் அமைத்தவை. நைனிதால் ஏரி இயற்கையாக உண்டானது. 1841இல் பாரன் என்னும் ஆங்கிலேயச் சர்க்கரை வியாபாரி அங்கு வந்த பிறகே ஊர் எழுந்தது. 1880 செப்டம்பரில் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து 151 பேர் மாண்டனர். அதன் பின்னர் மழைநீர் மண்ணை அரிக்காமல் இறங்குவதற்காக மலைமேல் கல் வடிகால்கள் கட்டினார்கள். இன்றும் அவற்றின் வழியேதான் நீர் ஏரிக்கு வருகிறது. நாம் எறியும் காகிதக் கோப்பையும் அதே வழியே வருகிறது. ஊர் குடிப்பது இந்த ஏரியை நம்பித்தான். அருகில் சூக்காதால் என்று ஒரு பள்ளம் உண்டு. பெயருக்கேற்ப ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். மழைக்காலத்தில் நிறைந்து, நிலத்தடியே கசிந்து பெரிய ஏரிக்கு ஊட்டும். மே மாதமும் ஜூன் முற்பாதியும் ஏரி மிகத் தாழ்ந்திருக்கும் வேளை. விருந்தினர் மிகுந்து வரும் வேளையும் அதுவே. 2017ஆம் ஆண்டுக் கோடையில் நீர் வற்றிக் கரையோரத்தில் மண் திட்டுக்கள் தெரிந்தன. கிணற்றில் நீர் குறைந்த வீட்டில் பத்து நாள் விருந்தாடுவதை நம் பெரியோர் நாகரிகம் என்று கொள்ளமாட்டார்கள்.

ஆகவே, பீம்தாலில் ஜாகை பிடிக்கலாம். நைனிதால் ஏறக்குறைய 1,940 மீட்டர் உயரம். பீம்தால் 1,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குளிர் கொஞ்சம் குறையும். ஆஸ்துமாவோ மூட்டுவலியோ உள்ள முதியோருக்கு அதுவே சௌகரியம். ஏரியின் நடுவே ஒரு சிறு தீவு உண்டு. நான்கு கிலோமீட்டரில் நௌகுசியாதால், அதாவது ஒன்பது மூலை ஏரி. அவ்வொன்பதையும் ஒருசேரக் கண்டவர் முக்தி அடைவார் என்பது அவ்வூர் நம்பிக்கை. நல்லவேளையாக, எங்கு நின்றாலும் ஒன்பதும் தெரிவதில்லை. குழந்தைகளை எண்ணச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கரையில் அமர்ந்திருக்கலாம். மற்றொரு நாள் சாத்தால். பாஞ்ச் என்னும் கருவாலி மரங்களும் பைன் மரங்களும் சூழ்ந்த ஏரித் தொகுதி அது. பறவை காண்போர் விரும்பும் இடம்.

ஒரு நாளில் ஏழு இடம் என்று வாடகை மோட்டார்க்காரர் பட்டியல் நீட்டுவார். அதற்கு இணங்கினால் மலைச்சாலையின் வளைவுகளும் குழந்தைகளின் வாந்தியுந்தான் நினைவில் நிற்கும். ஒரு வாரம் ஓரிடத்தில் தங்கி, நாளுக்கு ஓர் இடம் பார்த்தால் போதும். சாலையோரம் கூடைகளில் காபல் என்னும் சிறு சிவப்புப் பழம் விற்பார்கள். உப்புத் தூவிச் சாப்பிட வேண்டும். மாலையில் வாசிக்க ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளை எடுத்துச் செல்லுங்கள். அவர் 1875இல் நைனிதாலில் பிறந்தவர்.

சமையல் பற்றி இல்லத்தரசிகள் கேட்பார்கள். சமையற்கட்டுடன் அறை கிடைத்தால் பிரஷர் குக்கர் அவசியம். அவ்வுயரத்தில் தண்ணீர் 95 பாகையருகே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. இட்லி மாவை நம்ப வேண்டாம். மலை இரவின் குளிரில், விடிந்து பார்த்தாலும் அது அரைத்தபடியே இருக்கும். ரவையும் அவலும் எடுத்துச் செல்வது உத்தமம்.

நாள் குறிப்பதில் சில எச்சரிக்கைகள். ஜூன் 15 அன்று, அல்மோரா செல்லும் வழியிலுள்ள கைஞ்சி தாமில் பெருந்திருவிழா. அதையொட்டிய நாட்களில் அச்சாலையில் வண்டி நகராது. ஜூன் கடைசியில் மழை தொடங்கிவிடும். அதன்பின் மண்சரிவு அச்சம். மழைக்கு முன்னரோ காட்டுத்தீயின் காலம். உதிர்ந்த பைன் ஊசிகள் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். 2024 ஏப்ரலில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்தே நீரை மொண்டு சென்று காட்டில் பொழிந்தன. சாத்தால் காட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நான்காண்டுக்கொரு முறை இந்தியாவில் எங்கும் செல்லக் கிடைக்கும் பயணச் சலுகையை இந்தச் சிறு பயணத்திற்குச் செலவிடுவது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமன்று. அதை அந்தமானுக்கு வைத்துக்கொண்டு, இதற்குக் கைக்காசையே செலவழிக்கலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஆகவே மே கடைசி வாரத்தில் ஏரிக்கரையில் இருக்க எண்ணுவோர், பங்குனி நடுவிலேயே லீவு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.