முத்தம் கெடுத்த பேர்

நடுவர் அவர்களே! துரோகத்தில் பெரிசு பணம்தான்னு எதிரணி நண்பர் முப்பது வெள்ளிக்காசை எண்ணி எண்ணிக் காட்டினார். உறவுதான்னு சொல்ல வந்த நான் கேக்கறேன், யூதாஸ் பிறவியிலேயே கெட்ட பேரா? எருசலேம் ஆலயத்தை மீட்ட மாவீரன் யூதா மக்கபே. இயேசுவின் சகோதரர் ஒருவர் பேர் யூதா. பன்னிரண்டு சீடர்லேயே ரெண்டு பேரை லூக்கா சொல்றார். கிரேக்கத்தில் இவங்க எல்லாருக்கும் ஒரே பேர்தான்! ஆசையா வச்ச பேரு ஐயா அது.

இன்னிக்கு? ஆங்கிலத்தில் துரோகிக்கு அதுதான் பேர். மந்தையைக் கசாப்புக் கூடத்துக்குக் கூட்டிப்போகிற ஆடு, ‘யூதாஸ் ஆடு’. பிரெஞ்சுக்காரர் கதவில் எட்டிப் பார்க்கிற ஓட்டைக்கே அந்தப் பேரை வச்சுட்டாங்க! (சிரிப்பு) 1966ல் மான்செஸ்டரில் பாப் டிலன் மின்கிதாரோடு பாட, ரசிகர் ஒருத்தர் ‘யூதாஸ்!’னு கத்தினார். அங்கே காசா கைமாறிச்சு? நம்மாளு மாறிட்டானேங்கிற வலி!

பேதுரு மூணு தரம் மறுதலிச்சார். அவர் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறாங்க. யூதாஸ் காசை ஆலயத்திலேயே எறிஞ்சுட்டான்னு மத்தேயு எழுதறார். காசு போச்சு, பேர் போகலையே! கெத்செமனேயில் அவன் விரல் நீட்டிக் காட்டியிருக்கலாம். முத்தம் கொடுத்தான். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் கொடுத்த முத்தம், நடுவர் அவர்களே!