வால்வைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ‘டிக்’ சத்தம்

இந்த வாரம் டிராக்டர் ரிப்பேர். சிரிக்காதீங்க, உங்க பைக்குக்கும் இதே லாஜிக்தான்.

பொள்ளாச்சி பக்கம் எங்க மாமா தோப்புல ஒரு மினி டிராக்டர் இருக்கு. முன்னாடி லோடர், அதுல தென்னை மட்டையைக் கவ்வுற கிராப். கிராப்புக்குத் தனி லீவர் கிடையாது. பட்டனை அமுக்கினா ஒரு சோலனாய்டு வால்வு, பக்கெட்டுக்குப் போற ஆயிலை கிராப்புக்குத் திருப்பிவிடும். நான் லீவுக்குப் போனப்போ, பட்டனை அமுக்கினாலும் பக்கெட்தான் ஆடுது. வந்து பார்த்த மெக்கானிக், "வால்வே போச்சு, புதுசு போடணும்"னு சொல்லிட்டார். மாமா யார்கிட்ட கடன் கேக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மாமா"ன்னு மல்டிமீட்டரை எடுத்தேன்.

சோலனாய்டுங்கிறது ஒரு செம்புக்கம்பிச் சுருள். கரண்ட் போனா காந்தமாகி உள்ள இருக்கிற இரும்பை இழுக்கும். அது ஆயிலோட வழியை மாத்தும். அதனால கோளாறு கரண்ட்லயா, ஆயில்லயான்னு முதல்ல பிரிக்கணும். பக்கெட்டைத் தரையில இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன்ல வெச்சு பட்டனை அமுக்கினேன். ‘டிக்’னு கேக்கணும். கேக்கல. காயில் மேல ஸ்க்ரூடிரைவரை வெச்சா லேசா இழுக்குது. அப்போ காயில் சாகல, பசியில இருக்கு.

பிளக்கைக் கழட்டி அளந்தா 12 வோல்ட் சுத்தமா காட்டுது. இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. கரண்ட் ஓடாதப்போ, துருப்பிடிச்ச இணைப்புகூட மீட்டருக்கு முழு வோல்ட்டைக் காட்டும். எங்க காயில் 36 வாட். 3 ஆம்பியர் இழுக்கும். பிளக்கை மாட்டி, பட்டனை அமுக்கிக்கிட்டே பின்பக்கமா அளந்தேன். வெறும் 5 வோல்ட்! மீதி எங்கேன்னு தேடினா, சேஸிஸ்ல எர்த் ஒயர் முறுக்கின போல்ட்டுக்கு அடியில பச்சைப் பாசம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்கினேன். ‘டிக்’.

‘டிக்’ கேட்டும் கிராப் அசையலைன்னா, அப்போ வால்வுக்குள்ள அழுக்கு சிக்கியிருக்கலாம். அதைத் திறக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கிராப்பை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு ஹோஸ்ல ஈரம் தெரிஞ்சது. விரலால தடவப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார். "அட்டையை வெச்சுப் பாரு மாப்ள!" சின்ன டிராக்டர்லயும் 150 பார் பக்கம் பிரஷர் இருக்கும், உங்க பைக் டயர்ல 2 பார்தான். ஊசித் துளையில பீச்சுற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.

அட்டையில ஆயில் கோடு விழுந்துச்சு. இன்ஜினை ஆஃப் பண்ணி, லீவரை ரெண்டு பக்கமும் ஆட்டி பிரஷரை இறக்கிட்டு, ஹோஸைக் கழட்டினோம். அன்னிக்குச் செலவு அந்த ஹோஸ் மட்டும்தான்.