பண்ணையாளும் வில்லனும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வில்லன்னா யாருன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம சினிமாவுல எத்தனையோ படத்துல அவன் பண்ணையார். கையில சாட்டை, வாசல்ல அடியாள். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் அவன் பண்ணையார் இல்லை, பண்ணையாள்.

சட்டம் படித்த காலத்தில், பழைய இங்கிலாந்தின் நிலவுரிமை பற்றிய புத்தகத்தில் 'வில்லெய்ன்' என்றொரு சொல்லைப் பார்த்தேன். எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். இல்லை. இலத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்த சொல். 1086இல் முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் பதிவானவர்களில் பத்துக்கு நான்கு பேர் இவர்கள்தான்.

வாரத்தில் இத்தனை நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கணும். அனுமதியில்லாம ஊரைவிட்டுப் போகக்கூடாது. மகளுக்குக் கல்யாணம்னா பிரபுவுக்குப் பணம் கட்டணும். செத்தா, இருக்கிறதுல நல்ல மாடு பிரபுவுக்கு. அவன் மேல அரசனின் நீதிமன்றத்துல வழக்கும் போட முடியாது. இதுல யாருங்க வில்லன்?

மேட்டுக்குடியின் வாயில் பண்ணையாள் முரடனானான், இழிந்தவனானான், கடைசியில் அயோக்கியனானான். பிற்பாடு எழுத்தையும் பிரித்துவிட்டார்கள்: வரலாற்று ஏட்டுக்கு ஒன்று, வசவுக்கு ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் பறையர் என்ற நம் பெயரை எடுத்துக்கொண்ட ஆங்கிலமும் ஒதுக்கப்பட்டவன் என்றுதான் பொருள் வைத்தது. பறை அதுல எங்கே போச்சு?

ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. சாசனம் பெற்ற நகரங்கள் பலவற்றில், ஓடிவந்த வில்லெய்ன் ஓராண்டும் ஒருநாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் அவன் சுதந்திரமானவன். நம்மாளு பட்டணத்துல ஐம்பது வருஷம் இருந்தாலும், வாடகைக்கு வீடு கேட்டா முதல் கேள்வி என்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

1381இல் அவர்கள் எழுந்தார்கள். ஜூன் 14 அன்று, லண்டனை ஒட்டிய மைல் எண்டில், பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் பண்ணையடிமை முறை ஒழியும் என்று எழுதிக் கொடுத்தான். மறுநாளே தலைவர் வாட் டைலரைக் கொன்றார்கள். ஜூலையில், கொடுத்த எழுத்தையும் செல்லாது என்றான் அரசன். ஆனால் அதற்குள் அந்த மக்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். பல ஊர்களில் பண்ணை நீதிமன்றத்தின் பதிவுச் சுருள்களைத் தூக்கிவந்து கொளுத்தினார்கள். யார் யார் வில்லெய்ன் என்று எழுதி வைத்திருந்தது அந்தச் சுருள்களில்தான்.