சோம்பலா, நோயா?



நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பங்களை எல்லாரும் "சோம்பேறிகள்" என்று ஏசினார்கள். பிள்ளைகளின் முகம் வெளுத்து, வயிறு உப்பியிருக்கும். பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவார்கள். பெரியவர்களுக்கும் வேலை செய்யத் தெம்பில்லை.

அது சோம்பல் இல்லீங்க, கொழுக்கிப்புழு! 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் இதை எடுத்துச் சொன்னபோது, பத்திரிகைகள் "சோம்பல் கிருமி" என்று கேலி செய்தன. அந்த வீடுகள் பலவற்றில் மலசலகூடம் இல்லை. மலத்தோடு விழுந்த முட்டை ஈர மண்ணில் பொரித்தது. புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சியது.

1909இல் ரொக்பெல்லர் என்ற செல்வந்தர் பத்து இலட்சம் டொலர் கொடுத்தார். 11 மாநிலங்களில் வேலை நடந்தது. சோதித்த பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரளவுக்குப் புழு இருந்தது. தைமோல் மருந்தும் பேதி உப்பும் இலவசமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தெளிந்தார்கள். ஆனால் மலசலகூடம் கட்டாத இடங்களில் புழு திரும்ப வந்துவிட்டது.

பிறகு ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு நம் இலங்கைத் தோட்டங்களிலும் இந்த வேலை நடந்தது.

சோர்ந்து கிடக்கிற பிள்ளையை நாமும் ஏசியிருக்கிறோம். இனி ஏசாமல் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. காலுக்குச் செருப்பு, வீட்டுக்கு மலசலகூடம், இரண்டும் வேணும். மருந்து பாதி, இது பாதி.